அச்சுக்கோடு

முகம் வரைகிறவன் ஆவதற்கு முன்பு நான் முகம் சுரண்டுகிறவனாக இருந்தேன். பதினாறு வயதில், விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பொம்மைக் கம்பெனியில் சேர்ந்தேன். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்து கிடக்கும் களிமண் பக்கத்திலேயே கிடைப்பதால் எங்கள் ஊரில் வேரூன்றிய தொழில் இது. ப்யூஸ் கட்டை, டீ கப், அகல் விளக்கு, கொலு பொம்மை எல்லாம் இங்கே சூளையேறும். களிமண்ணோடு குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் பொடிகளைச் சேர்த்து மில்லில் அரைத்து, ஸ்லிப் என்று சொல்லும் கூழாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவோம். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச உட்சுவரில் மண் படியும். வேண்டிய கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிடுவோம். இறுகிய பிறகு அச்சைப் பிரித்தால் உள்ளே பொம்மை நிற்கும்.

அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய வரம்பு எழுந்திருக்கும். உச்சந்தலையில் தொடங்கி, காதோரமாக இறங்கி, தோளில் போய் முடியும். அதைக் கத்தி முனையால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, அங்கே ஒரு கோடு இருந்த சுவடே தெரியாமல் செய்ய வேண்டும். அதற்கு அச்சுக்கோடு என்று நானாக ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அக்கா முதல் நாளே எச்சரித்தார்: "காதுகிட்ட பாத்து சுரண்டு தம்பி. காது போச்சுன்னா ஆளே மாறிப்போயிடுவாரு."

அந்த வருடம் பிள்ளையார் சதுர்த்தியும் செப்டம்பர் 17-ம் ஒரே வாரத்தில் வந்தன. ஒரு கடைக்குப் பிள்ளையார் ஆர்டர். இன்னொரு ஊரிலிருந்து பெரியார் பிறந்தநாளுக்கு மார்பளவுச் சிலை ஆர்டர். ஒரே தொட்டிக் கூழ் இரண்டு அச்சிலும் இறங்கியது. ஒரே பலகையில் இரண்டு பேரும் வரிசையாக, சாம்பல் நிறத்தில், ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கை ஓடவில்லை. எதை முதலில் எடுப்பது என்று அக்காவிடம் கேட்டேன். "ரெண்டும் காயணும். காயறதுக்குள்ள ரெண்டையும் சுரண்டு" என்றார்.

முப்பது வருடமாக முகங்கள் வரைகிறேன். தாளில், துணியில், பீங்கான் ஓட்டில். பலரும் வரையத் தயங்கும் முகங்களே என்னிடம் அதிகம் வந்திருக்கின்றன. எப்படித் துணிகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வதெல்லாம் அந்தப் பலகையிலிருந்து கற்றதுதான். சர்ச்சைக்குரியவர் என்று நாம் சொல்லும் மனிதர் எப்போதும் இரண்டு பாதி அச்சில் வார்க்கப்பட்டுத்தான் நம் கைக்கு வருகிறார். ஒரு பாதியை அவரைக் கும்பிடுகிறவர்கள் செய்திருக்கிறார்கள். மறு பாதியை அவரை வெறுப்பவர்கள் செய்திருக்கிறார்கள். அவர்கள் மோதிக்கொண்ட இடத்தில் ஒரு கோடு எழுந்து நிற்கிறது. நாம் முகம் என்று நினைத்துப் பார்ப்பது பெரும்பாலும் அந்தக் கோட்டைத்தான். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு அடியில் இருக்கிற ஆளைப் பார்ப்பது ஓவியனின் முதல் வேலை.

மண்ணில் வேலை செய்கிறவன் என்பதால் எனக்கு ஒரு வழக்கு மறப்பதில்லை. 1953 மே 27, புத்தர் பிறந்தநாள். திருச்சியில் பெரியார் பொதுமக்கள் முன்னிலையில் ஒரு மண் பிள்ளையாரை உடைத்தார். வீரபத்திரன் செட்டியார் என்பவர் நீதிமன்றம் போனார். அந்த மண்ணுருவம் சட்டம் சொல்லும் புனிதப் பொருள் ஆகாது என்று கீழ் நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளின. 1958-ல் உச்ச நீதிமன்றம், இது மிகவும் குறுகிய விளக்கம், பிரதிஷ்டை ஆகியிருக்க வேண்டியதில்லை, ஒரு பிரிவினர் புனிதமாகக் கருதினாலே போதும் என்றது. காலம் கடந்துவிட்டதால் மறு விசாரணைக்கு மட்டும் உத்தரவிடவில்லை. உடைத்தவருக்கு அது மண் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. வழக்குப் போட்டவருக்கு அது கடவுள். ஒரே பிடி களிமண். நான் வரையும் ஒவ்வொரு முகமும் அந்தப் பிள்ளையாரைப் போல இரண்டு பேருடைய பார்வையில் இரண்டு பொருளாக இருக்கும் என்பதை அந்த வழக்கு எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

பெரியாரை நான் முதல் தடவை சொந்தமாக வரைய உட்கார்ந்தபோது கை தானாக அச்சுக்குள் போனது. தாடி, கறுப்புச் சட்டை, கைத்தடி, மூக்குக் கண்ணாடி. பத்து நிமிடத்தில் யாரும் அடையாளம் சொல்லக்கூடிய பெரியார் தாளில் வந்துவிட்டார். ஆனால் அது தாடியின் படம். பழைய புகைப்படங்களை வைத்துக்கொண்டு மாதக் கணக்கில் பார்த்தேன். கடைசிக் காலத்தில் சிறுநீர் போகக் குழாய் பொருத்தியிருந்தார்கள். அந்தக் குழாயோடும் அதற்கான பாத்திரத்தோடும்தான் ஊர் ஊராகப் போனார். 1973 டிசம்பர் 24-ல் இறந்தபோது வயது 94. இறப்பதற்குச் சில நாட்கள் முன்புகூடச் சென்னை தியாகராய நகரில் மேடையில் பேசியிருக்கிறார். இதை மனதில் வாங்கிய பிறகுதான் உட்காரும்போது அவர் உடல் ஏன் ஒரு பக்கமாகச் சாய்கிறது, கைத்தடியைப் பிடித்த விரல்கள் ஏன் அவ்வளவு இறுகுகின்றன என்று எனக்கு விளங்கியது. பாத்திரத்தையும் சேர்த்தே வரைந்தேன்.

முடித்ததும் இரண்டு பேரிடம் காட்டினேன். ஒருவர் ஊர் ஊராகக் கூட்டம் போட்ட பெரியார் தொண்டர். படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஐயாவேதான். ஆனா அந்தப் பாத்திரம் வேணாம் தோழர், எடுத்துடுங்க" என்றார். இன்னொருவர் எனக்குத் தெரிந்த ஒரு குருக்கள். அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. கையைக் காட்டி, "இந்தக் கையாலதானே உடைச்சார்" என்றார். இருவருக்கும் படம் பிடிக்கவில்லை. இருவருக்கும் அவர் பெரியார்தான் என்பதில் சந்தேகமும் இல்லை. அன்றைக்கு நான் ஒரு உரைகல் கண்டேன். நேசிப்பவரும் வெறுப்பவரும் இவர்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவரவர் பார்க்க விரும்பாத ஒன்றும் அதில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வரைந்த எந்த முகத்தையும் இப்படி இரண்டு பேரிடம் காட்டாமல் வெளியே விட்டதில்லை.

இந்த உரைகல் கிடைப்பதற்கு முன்பு ஒரு தவறு செய்திருக்கிறேன். இருபத்தைந்து வயதில், எங்கள் பக்கத்தில் செல்வாக்கோடு இருந்த ஒருவர் மேல் எனக்கு ஆத்திரம். ஆத்திரத்துக்கு நியாயமான காரணமும் இருந்தது. அவரைப் பிதுங்கிய கண்ணும் தடித்த உதடுமாகச் சுவரில் வரைந்தேன். என் போல ஆத்திரப்பட்டவர்கள் முதுகைத் தட்டினார்கள். ஒரு வாரம் கழித்து அந்தச் சுவரைக் கடந்து போகும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் செய்த எதுவும் அந்தப் படத்தில் இல்லை. நான் கொடுத்த கண்ணும் உதடும்தான் இருந்தன. அப்படிப்பட்ட கண்ணும் உதடும் உள்ள, யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாத எத்தனையோ பேர் அந்தத் தெருவில் நடந்துகொண்டிருந்தார்கள். அநியாயத்தைக் காட்ட வந்தவன் அவர்களை அவமானப்படுத்திவிட்டேன். நானே சுண்ணாம்பு வாங்கிப் போய் அழித்தேன்.

அந்தக் கண்ணும் உதடும் எங்கிருந்து என் கைக்கு வந்தன என்று யோசித்தபோது கொலு பொம்மைகள் நினைவுக்கு வந்தன. அசுரன் என்றால் கறுப்புக் கலவை, கோரைப்பல், வெளியே தள்ளிய விழி. தேவர் என்றால் ரோஜாவும் மஞ்சளும் கலந்த சதை நிறம். யார் நல்லவர் என்பதை நாங்கள் வண்ணக் கிண்ணத்திலேயே தீர்மானித்திருந்தோம். தமிழ்நாட்டில் இராவணனைப் பற்றிய வழக்கு இன்னும் தீராத வழக்கு. புலவர் குழந்தை 1946-ல் 'இராவண காவியம்' எழுதி அவனைக் காவிய நாயகன் ஆக்கினார். 1948-ல் அரசு தடை செய்தது. 1971-ல்தான் தடை நீங்கியது. ஒரு அசுரனை மரியாதையாகப் பார்த்த புத்தகம் இருபத்து மூன்று வருடம் பூட்டிக் கிடந்திருக்கிறது. நான் இராமனையும் இராவணனையும் ஒரே பலகையில் வரைந்தபோது இருவருக்கும் ஒரே கிண்ணத்திலிருந்து தோல் நிறம் எடுத்தேன். விழியும் ஒரே அளவு. வித்தியாசம் வேண்டுமென்றால் பார்ப்பவர் கைகளைப் பார்க்க வேண்டும், நின்ற நிலையைப் பார்க்க வேண்டும், யார் யாரை நோக்கிக் குனிகிறார் என்று பார்க்க வேண்டும். ஒருவனுடைய செயலை அவன் தோலில் எழுதுவதில்லை என்று அன்றிலிருந்து வைத்திருக்கிறேன்.

ஒரு மனிதர் ஒரு படத்துக்குள் அடங்கமாட்டார் என்பதை ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகள் கற்றுக்கொடுத்தன. திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரில் பிறந்தவர். 1969-ல் காந்தி நூற்றாண்டையொட்டிக் காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். ரூபாய் நோட்டிலும் அரசு அலுவலகச் சுவரிலும் பார்த்துப் பார்த்து நமக்கு மரத்துப்போன அந்த முகத்தை, வெறும் கறுப்புக் கோட்டில் திரும்பத் திரும்பத் தேடியிருக்கிறார். நூறு தடவை பார்ப்பதற்கு ஒரு பணிவு வேண்டும். நானும் எந்த முகத்தையும் குறைந்தது நாற்பது தடவை தாளில் வரையாமல் ஓட்டுக்கு வருவதில்லை. அதில் பத்தாவது பின்பக்கத்திலிருந்து வரைவேன். பிடரி, காதின் பின்புறம், சட்டைக் காலர் முதுகில் விழும் விதம். முன்முகத்துக்குத்தான் ஊரார் அச்சு செய்து வைத்திருக்கிறார்கள். பிடரிக்கு யாரும் அச்சு செய்வதில்லை. அங்கே அந்த மனிதர் வெறும் மனிதராக இருப்பார். அதைப் பார்த்துவிட்டு முன்பக்கம் வந்தால் கண் மாறியிருக்கும்.

சந்தனக் கடத்தல் வீரப்பனை வரையச் சொல்லி ஒருவர் கேட்டபோது, ஊர் செய்த அச்சை விலக்கிப் பார்க்கும் இந்த வழக்கம்தான் காப்பாற்றியது. வீரப்பன் என்றால் மீசை. பத்திரிகைகளில் வந்த படங்களை வைத்துக்கொண்டு, மீசையின் மேல் கட்டை விரலை வைத்து மறைத்துப் பார்த்தேன். ஒல்லியான, வெயிலில் காய்ந்த, எங்கள் பக்கத்துக் கூலிக்காரர் யாராகவும் இருக்கக்கூடிய ஒரு முகம். பயமாக இருந்தது. அரக்கன் என்று வரைந்திருந்தால் நமக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்று நிம்மதியாக இருக்கலாம். காவலன் என்று வரைந்திருந்தால் செத்த யானைகளையும் மனிதர்களையும் மறந்துவிடலாம். மீசை இல்லாத முகம் இரண்டுக்கும் இடம் கொடுக்கவில்லை.

ஆனால் அந்த முகத்தைத் தனியாக விடுவதற்கும் எனக்கு மனம் வரவில்லை. வனத்துறை அதிகாரி ஸ்ரீனிவாஸ் 1991-ல் வீரப்பனால் கொல்லப்பட்டார். வீரப்பனின் சொந்த ஊரான கோபிநத்தத்தில் மக்களோடு பழகி, அவர்களுக்கு மாரியம்மன் கோயில் எழுப்ப உதவியவர். அவரையும் அதே அளவு ஓட்டில், அதே வண்ணங்களில் வரைந்தேன். வீரப்பனைத் தேடிய வேட்டையில் அதிரடிப்படையாலும் துன்பப்பட்ட மலை கிராமத்து மக்கள் இருந்தார்கள். அவர்களுடைய முகம் எதுவும் என்னிடம் இல்லை. இல்லாத முகத்தைக் கற்பனை செய்து சோகம் பூசுவது தவறு என்று பட்டது. மூன்றாவது ஓட்டில் ஒரு விறகுக் கட்டை வரைந்தேன், தூக்க ஆளில்லாமல் தரையில் கிடக்கிற கட்டு. கேட்டவர் முதல் ஓட்டை மட்டும் விலைக்குக் கேட்டார். பிரித்துத் தரவில்லை. மூன்றும் இன்றும் என் வீட்டுச் சுவரில் ஒரே உயரத்தில் இருக்கின்றன.

ஒரு படம் யாரைப் புண்படுத்தும் என்ற கேள்வியைத் தள்ளிவிட்டு நான் வரைந்ததில்லை. மார்கஸ் ஹார்வி என்ற ஆங்கில ஓவியர், குழந்தைகளைக் கொன்ற வழக்கில் தண்டனை பெற்ற மைரா ஹிண்ட்லியின் முகத்தை 1995-ல் பெரிதாக வரைந்தார். தூரிகையால் இல்லை, ஒரு குழந்தையின் கையை அச்செடுத்து, அந்தக் கைச்சுவடுகளால். 1997-ல் லண்டன் ராயல் அகாதெமியில் காட்சிக்கு வைத்தபோது அதன் மேல் மையையும் முட்டையையும் எறிந்தார்கள். குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாயும் எதிர்ப்பில் இருந்தார். அச்சு வேலை தெரிந்தவனாக அந்தப் படத்தின் திறமை எனக்குப் புரிகிறது. அந்தத் தாயின் இடத்தில் நின்றால் அந்தக் கைச்சுவடுகளைப் பார்க்க முடியவில்லை. நம் நாட்டில் மனம் புண்பட்டது என்று முதலில் குரல் கொடுப்பவர்கள் பெரும்பாலும் கூட்டம் சேர்க்க வலுவுள்ளவர்கள். அவர்களுடைய கோபத்தையும், பறிகொடுத்தவருடைய வலியையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. முதலாமவருக்காக ஒரு கோட்டையும் மாற்றமாட்டேன். இரண்டாமவர் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு கோட்டையும் போடுகிறேன்.

அப்படி மனம் புண்பட்டது என்று ஓவியர் எம்.எஃப். ஹுசைன் மீது போட்ட வழக்குகளை 2008-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ரத்து செய்த நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல்தான், 2016-ல் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக எழுத்தாளர் பெருமாள்முருகன் பக்கம் தீர்ப்பளித்த அமர்விலும் இருந்தார். அந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் கடன்பட்டிருக்கிறோம். ஹுசைன் நாட்டுக்குத் திரும்பி வர முடியாமல் 2011-ல் லண்டனில் இறந்தார் என்பது ஆறாத வருத்தம். ஆனாலும் சட்டம் என் தூரிகையைத்தான் காப்பாற்ற முடியும். தூரிகை நியாயமாக நடக்கிறதா என்று பார்க்க வேண்டியவன் நான்.

மனிதர்களை விடக் கருத்துகளை வரைவது கடினம். கருத்துக்கு முகம் கிடையாது. அதனால் பலர் கொடியையும் முஷ்டியையும் வரைந்துவிடுகிறார்கள். மெரினாவில் 1959-ல் வைத்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையைப் போய்ப் பாருங்கள். நான்கு பேர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். கொடி இல்லை, முழக்கம் இல்லை. பாறையின் கனம் அவர்கள் தொடையிலும் முதுகிலும் ஏறியிருக்கிறது. உழைப்பு என்ற கருத்து அந்தத் தசைகளில் இருக்கிறது. கருத்தை வரைய வேண்டுமானால் அது யார் உடம்பைத் தொடுகிறதோ அங்கே போக வேண்டும், இல்லையென்றால் அது புழங்கும் பொருளைத் தேட வேண்டும் என்று அந்தச் சிலையிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

சாதியைப் பற்றி வரைய வேண்டும் என்று பல வருடம் தவித்தேன். அம்பேத்கர் சிலையைக் கூண்டுக்குள் வைத்துக் காக்க வேண்டியிருக்கிற மாநிலம் இது. கடைசியில் என் கண்ணெதிரே இருந்ததை எடுத்தேன். எங்கள் ஊரில் டீ கப் செய்கிறோம். தமிழ்நாட்டுக் கிராம டீக்கடைகளில் சாதிக்கு ஒன்றாக இரட்டைக் குவளை இருந்ததும் எல்லோருக்கும் தெரியும். ஒரே அச்சில் வார்த்த இரண்டு கப்பை வாங்கி, ஒன்றாகச் சுட்டு, ஒன்றாகக் கிளேஸ் ஏற்றி, பக்கத்தில் வைத்துப் பார்த்து வரைந்தேன். ஒரே வெள்ளை, ஒரே விளிம்பு, ஒரே நிழல். ஒன்று பெஞ்சின் மேல் இருக்கிறது. மற்றது கூரைக்கு வெளியே ஒரு கல்லின் மேல். வேறு எதுவும் வரையவில்லை. ஊர்க் கண்காட்சியில் வைத்தபோது ஒரு பெரியவர் நெடுநேரம் நின்றார். பிறகு என்னிடம், "கல்லு மேல இருக்கறதுல மழத்தண்ணி நிக்கும் தம்பி. வரையலியே" என்றார். அவர் எந்தக் கப்பில் குடித்தவர் என்று கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து தண்ணீரை வரைந்தேன். கருத்தை நான் வரைந்திருந்தேன், அதை வாழ்ந்தவர் திருத்திக் கொடுத்தார்.

பீங்கானில் வரைகிறவனுக்குச் சூளையும் ஒரு பாடம் சொல்கிறது. கோபால்ட் ஆக்சைடு கரிப்பொடி போல இருக்கும். பூசும்போது அழுக்குக் கறுப்பு. ஆயிரத்து இருநூறு டிகிரியைத் தொட்டு வெளியே வரும்போதுதான் ஆழ்ந்த நீலம். பூசும் நேரத்தில் கண்ணால் பார்ப்பதை நம்பாமல், நெருப்புக்குப் பின் வரப்போவதை நினைத்துக்கொண்டு தூரிகை ஓட்ட வேண்டும். முகங்களுக்கும் அப்படி ஒரு காலம் வேண்டியிருக்கிறது. இன்றைய சண்டையின் சூட்டில் எனக்குத் தெரியும் நிறம் இருபது வருடம் கழித்து நிற்குமா என்று கேட்டுக்கொள்வேன். நிற்கும் என்று பட்டதை மட்டும் பூசுவேன். கண்ணைக் கடைசியில் திறப்பது பொம்மைக்காரர்கள் வழக்கம். நானும் கண்ணைக் கடைசிவரை ஒத்திப்போடுகிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு அக்காவின் எச்சரிக்கைக்குத் திரும்ப வேண்டும். நடுநிலை என்ற பெயரில் ஒரு காலத்தில் நான் எல்லாவற்றையும் சுரண்டினேன். பெரியாரிடமிருந்து கோபத்தை, வீரப்பனிடமிருந்து துப்பாக்கியை. யாரும் ஆட்சேபிக்காத, யாரும் ஒரு நிமிடத்துக்கு மேல் பார்க்காத படங்கள் அவை. எல்லோருக்கும் பொதுவான ஒரு வழவழப்பான முகம். அந்த முகத்தில் காது இல்லை. ஊர் அவர் மேல் ஏற்றிய கோட்டைத்தான் நான் எடுக்க வேண்டும். அவரோடு பிறந்த மேடுபள்ளங்கள் எதுவும் கத்தியில் போகக் கூடாது. எது கோடு, எது காது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் நாற்பது தடவை வரைகிறேன். இரண்டு பேரிடம் காட்டுகிறேன். மழைத்தண்ணீர் எங்கே நிற்கும் என்று சொல்ல ஒருவர் வருவாரா என்று காத்திருக்கிறேன்.

போன புரட்டாசியில் பழைய கம்பெனிப் பக்கம் போனேன். அக்கா இல்லை. அவர் இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தாள். பலகையில் காந்தி, அம்பேத்கர், ஆண்டாள், வேறு யாரோ ஒரு தலைவர். கத்தியை வாங்கி ஒரு பொம்மையை எடுத்தேன். உச்சந்தலையிலிருந்து கோட்டைப் பிடித்து இறங்கி, காதுக்கு வந்ததும் கத்தியை வைத்துவிட்டு ஈரப் பஞ்சை எடுத்தேன். அந்த இடத்தில் இன்றைக்கும் என் கை தானாக மெதுவாகிறது.